மொட்டை மாடியில் ஒரு நடவு

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கான்கிரீட்டின் மேல் நெல் நட்டவன் நான் ஒருவன்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் அக்கா சொல்லிவிடுவாள். என் கல்யாணத்தன்று மணப்பெண்ணின் காதில் அவள் போட்ட முதல் சங்கதியே இதுதான். “இன்னும் தாலி ஏறல, யோசிச்சுக்க ஆத்தா” என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டாளாம். ஒன்பது வயதில் முட்டாளாக இருப்பது பெரிய குற்றமில்லை. என் வகுப்பிலேயே நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களெல்லாம் போகிற போக்கில் முட்டாள்தனம் செய்தவர்கள். நான் திட்டம் போட்டு, யூரியா சாக்கில் சேறு சுமந்து, அரையாண்டுப் பரீட்சைக்குக்கூடக் காட்டாத அக்கறையோடு செய்தேன்.

எல்லாம் எங்கள் புது வீட்டில் ஆரம்பித்தது.

அதுவரை மார்க்கையன்கோட்டையில் ஒரு வாடகை ஓட்டு வீட்டில் இருந்தோம். மழை வந்தால் வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. உள்ளே பெய்வது கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்து, வெளியே நின்ற பிறகும் விடாமல் பெய்யும். எந்த ஒழுக்குக்கு எந்தப் பாத்திரம் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். சோற்றுக் குண்டான் கட்டிலுக்குப் பக்கத்தில், குழம்புச் சட்டி பீரோவுக்கு முன்னால், பால் தூக்கு சாமி படத்துக்குக் கீழே. கரண்டு போன இருட்டிலும் தடவாமல் வைப்பாள். ஐப்பசி அடைமழையில் சமைக்கப் பாத்திரம் மிஞ்சாது, அதனால் டீயும் பன்னும்தான் சாப்பாடு. எனக்கு மழை மிகவும் பிடிக்கும். அம்மாவுக்கோ, சொட்டாத கூரைக்குக் கீழே ஒரு நாளாவது படுக்கவேண்டும்.

அப்பாவிடம் ஆற்றோரத்தில் ஒரு வயல் இருந்தது. இரண்டு போகமும் நெல். ஊரின் ஓரத்தில் காலி மனை ஒன்றும் இருந்தது. வயலை விற்று மனையில் வீடு கட்டுவது என்று முடிவாயிற்று. வயலை வாங்கியவர் அம்மா வழியில் எனக்கு மாமா முறை. பத்திரம் முடித்த அன்று அப்பா சின்னமனூரிலிருந்து ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கி வந்தார். அம்மா அதைத் தட்டில் கொட்டி நடுவில் வைத்தாள். அப்பா தொடவில்லை. அம்மாவும் தொடவில்லை. அக்கா இரண்டை எடுத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டிலேயே போட்டாள். இவர்களுக்கெல்லாம் வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் தட்டைக் காலி செய்தேன்.

வயலைக் கொடுத்தாயிற்று என்பது எனக்குத் தெரியாமலில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் சைக்கிளைக் கொடுப்பதில்லையா, அதுபோல மாமாவிடம் கொடுத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடுவார். இதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு அப்பா சின்னமனூர் வாழைக்காய் மண்டிக்கு வேலைக்குப் போனார். காலையில் அவர் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்க்க வேறு யார் வீட்டு அப்பாவோ போலிருக்கும்.

மனையில் முதலில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிப்போய்ப் பார்த்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனூண்டு கட்டத்துக்குள் நாலு பேர் எப்படிப் படுப்பது? இதற்கு ஓட்டு வீடே மேல். நான் கோட்டைத் தாண்டி உள்ளே போனபோது, அடுப்படிக் கட்டத்துக்குள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்த அக்கா கத்தினாள்.

“ஏலே, செவத்துக்குள்ள நொழையிற! வாசல் வழியா வாலே!”

நான் பின்வாங்கி, சுற்றிப்போய், இல்லாத வாசல் வழியாக வந்தேன். அவள் இல்லாத அடுப்பிலிருந்து எனக்கு ஒரு டீ கொடுத்தாள். சூடாக இருந்தது என்று ஊதிக் குடித்தேன். என் அறிவுக்கு அதுவே அதிகம்.

அதன்பின் நடந்ததையெல்லாம் இன்றைக்கும் என்னால் முழுக்க நம்பமுடியவில்லை. சுவர் ஏற ஏற அறைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கோடாக இருந்தபோது ஒரு பாய் விரிக்கப் போதாத இடம், இடுப்பளவு சுவர் எழும்பியதும் இரண்டு பாய் கொள்ளும்போல் ஆயிற்று. தலைக்கு மேல் போனதும் உள்ளே நின்று கூப்பிட்டால் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. யாரும் கோட்டை நகர்த்தவில்லை என்பதை அடிவைத்து அளந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

செங்கல் காளவாசலிலிருந்து லாரியில் வந்து இறங்கும். இரண்டிரண்டு கல்லாக ஒருவர் எறிய, கீழே நிற்பவர் பிடித்து அடுக்குவார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கல்லும் தவறாது. நானும் அக்காவும் அதே மாதிரி செய்து பார்த்தோம். என் இடது கால் கட்டை விரல் நகம் இன்றைக்கும் கொஞ்சம் கோணல்தான்.

கட்டிய சுவருக்குக் காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் விடவேண்டும். அந்த வேலை அம்மாவுடையது, எடுபிடி நான். வெயிலில் காய்ந்த செங்கல்மேல் தண்ணீர் பட்டதும் ‘சொர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். காதைச் சுவரில் வைத்தால் உள்ளே சின்னச் சின்னதாகக் குமிழ் உடைவது கேட்கும். ஒரு முழுச் சுவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் அது. மாடு குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், மண் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், வீடு குடிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. “போதுமான்னு கேளு” என்பாள் அம்மா. நான் காதை வைத்துக் கேட்டு, “இன்னும் தாகம் தீரலையாம்” என்பேன். அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு வாளி ஊற்றுவாள். ஓட்டு வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் கொத்தனார் மட்டம் பார்க்க, உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு முனையை முன்னறைச் சுவரில் பிடித்தார். மறுமுனையைச் சித்தாள் பெண் ஒருவர் அடுப்படிச் சுவரில் பிடித்தார். நடுவில் இரண்டு சுவர்கள். இங்கே தண்ணீர் எந்த உயரத்தில் நின்றதோ, அங்கேயும் இம்மி பிசகாமல் அதே உயரம். நான் இங்கும் அங்கும் ஓடி ஓடிப் பார்த்தேன். அடுத்த அறையில் தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று இந்தத் தண்ணீருக்கு யார் சொன்னது? கொத்தனாரைக் கேட்டேன். “அது படிச்ச தண்ணி மருமகனே” என்றார். அப்போது அப்பா மண்டியிலிருந்து வந்து நின்றார். கட்டட வேலையைப் பற்றி ஒன்றும் பேசாதவர், இதற்கு மட்டும் வாய் திறந்தார்.

“வயல்ல தண்ணி கட்டுனா மேடு பள்ளம் தன்னால தெரியுதுல்ல. அதேதான்.”

அன்றைக்கு அவர் பேசிய மொத்தமும் அவ்வளவுதான்.

கூரை போடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு காடே முளைத்தது. தைலமரக் கம்புகளை நெருக்க நெருக்க நிறுத்தி, அவற்றின்மேல் தகடு பரப்பினார்கள். அந்தக் கம்புக் காட்டுக்குள் நடந்தால் தலை மோதும், தைலம் மணக்கும். மேலே தகட்டின்மேல் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார்கள். பிறகு ஒரு விடியற்காலையில் கலவை மெஷின் வந்தது. அதன் சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்த்தது. வரிசையாக ஆட்கள் நின்று சட்டி சட்டியாகக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். நிறுத்தினால் கூரையில் ஒட்டு விழுந்துவிடும் என்பதால் யாரும் நிற்கவில்லை. மூக்கைச் சொறியக்கூட முறை வைத்துத்தான் சொறிந்தார்கள். ஊரே மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்த ஆனி மாதம் அது. அம்மா மட்டும் மேகத்தைப் பார்த்து, “இன்னைக்கு ஒருநா பொறுத்துக்க தாயி” என்று முணுமுணுத்தபடி கறிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கூரை போடும் அன்றைக்கு வேலையாட்களுக்கு வீட்டுக்காரர் கறிச்சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஒரு வேலையும் செய்யாமல் இரண்டு பந்தியில் உட்கார்ந்தேன்.

கூரைக்கு மறுநாள்தான் என் புத்தி பிசகியது.

கான்கிரீட் இறுகும்போது காயக்கூடாது, காய்ந்தால் வெடிக்கும். அதனால் கூரைமேல் சின்னச் சின்ன வரப்பாகக் கலவையை எடுத்துக்கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. சாரத்து ஏணியில் ஏறி மேலே தலையை நீட்டினேன். முன்னால் வரப்பு. வரப்புக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் மேகமலையும் ஆகாசமும் தலைகீழாகக் கிடந்தன. காற்றடித்தால் மலை நெளிந்தது.

ஊர் முழுக்க நடவு நடந்துகொண்டிருந்த நேரம். அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, வயல்களெல்லாம் இதே மாதிரிதான் கிடந்தன. ஆக, அப்பா ரகசியமாக மாடியில் ஒரு வயல் கட்டியிருக்கிறார். மாமா வயலைத் திருப்பித் தர நாளாகும் என்று இப்படி ஓர் ஏற்பாடு. ஆனால் பாவம், மண்டி வேலையில் நடுவதற்கு அவருக்கு நேரமில்லை. பெற்ற பிள்ளை எதற்கு இருக்கிறேன்?

மறுநாள் சனிக்கிழமை. அப்பா மண்டிக்கும் அம்மா ரேஷன் கடைக்கும் போனதும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆற்றோரத்துக்குப் போனேன். எங்கள் வயலில் பாதி நடவு முடிந்திருந்தது. நடவுப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்று முடிகள் வயலோரம் கட்டுக் கட்டாகக் கிடந்தன. மூன்று முடியை எடுத்துக் கூடையில் வைத்தேன். சாக்கில் சேற்றை அள்ளினேன்.

“ஏலே, யாரு நாத்தத் தூக்குற?” என்றது ஒரு குரல்.

“எங்க வயலு, எங்க நாத்து” என்றேன் நிமிர்ந்து.

அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். “அவன் அப்பன் வயலுதானடி. போகட்டும் விடு” என்று ஒரு அம்மா மெதுவாகச் சொன்னது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு சாக்குச் சேறு வயலுக்குப் போதுமா? அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருந்த மண்ணை அடியில் கொட்டிக்கொண்டேன். அடி மண் கலப்படம், மேல் சேறு அசல். சட்டியில் கயிறு கட்டி மேலே இழுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

“என்னலே பண்ற?”

“நடவு.”

“யாரு நடச் சொன்னாக?”

“அப்பாதான் சொன்னாக.”

அந்த ஒரு பொய்யைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் முழு மனதோடுதான் செய்தேன். அக்கா மண்ணை இழுத்துக் கொட்டியதோடு நில்லாமல் நடவுக்குக் குலவையும் போட்டாள். தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று இன்றைக்கு ஊரெல்லாம் சொல்கிற அதே அக்காதான்.

கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி முழுக்க நட்டு முடித்தோம். கான்கிரீட் நடுவே பச்சையாக ஒரு சதுரம். உலகத்திலேயே எங்கள் வீட்டுக்குத்தான் தலைமேல் வயல். அதைப் பார்த்துக்கொண்டே மாடி ஓரத்திலேயே தூங்கிப் போனேன்.

சாயங்காலம் கீழே பேச்சுச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். அப்பா மண்டியிலிருந்து வந்திருந்தார். தண்ணீர் பார்க்க வந்த கொத்தனார் நின்றார். இருவருக்கும் எதிரில் வயலை வாங்கிய மாமா.

“ஒண்ணுமில்ல மாப்ள. ஒன் மகன் மூணு முடி நாத்தத் தூக்கிட்டு வந்துட்டானாம். நடவுக்காரப் பொம்பளைக சொன்னாக. கேட்டதுக்கு, எங்க வயலுன்னானாம். சின்னப் புள்ளதான், இருந்தாலும் நாளைக்கு நாலு பேரு ஒரு மாதிரி பேசிறக்கூடாது பாரு.”

அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டார். ஏணியில் ஏறினார். பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் கொத்தனார். மேலே வந்து பார்த்ததும் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் துண்டு தோளிலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது. கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு, “என் கூரையில எவன்டா சேத்தக் கொட்டுனது!” என்றார். அப்பா மட்டும் வரப்போரம் நின்று பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாராட்டு வரப்போகிறது என்று நான் முன்னால் போய் நின்றேன்.

“இனிமே நீங்க அம்புட்டுத் தூரம் நடக்க வேணாம்ப்பா. இங்கனயே வெவசாயம் பாத்துக்கலாம்.”

மாமாவின் சிரிப்பு நின்றது. குனிந்து துண்டை எடுத்துப் பிழிந்தார். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தார். “மூணு முடிதான மாப்ள, கெடக்கட்டும்” என்றார் வேறெங்கோ பார்த்து.

“இல்ல மச்சான். ஒங்க நாத்து.”

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். நட்டதைப் பிடுங்கி எறிவார் என்று பார்த்தேன். எறியவில்லை. ஒவ்வொன்றாக விரல்விட்டு அடியிலிருந்து எடுத்தார், பக்கத்துப் பாத்தித் தண்ணீரில் வேரை அலசினார், தட்டி ஒன்றாகச் சேர்த்தார், வாழை நாரால் திரும்ப முடியாகக் கட்டினார். மூன்று முடி. அவற்றைத் தானே தூக்கிக்கொண்டு, மாமா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ஆற்றோரம் நடந்தார். நடவுப் பெண்கள் போயிருந்த வயலில் விட்டுப்போன மூலையை அவரே இறங்கி நட்டாராம். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். முழங்கால் வரை சேறு. அம்மா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சேறு காய்ந்து வெள்ளையாகும் வரை கழுவவில்லை. என்னால் அப்பாவுக்கு எவ்வளவு பெரிய தண்டனை கிடைத்துவிட்டது, மண்டியில் வேலை செய்த களைப்போடு நடவும் நடவேண்டியதாயிற்றே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அவர் என்னை அடிக்கவில்லை. அந்தக் குறையை அம்மா தீர்த்து வைத்தாள். விளக்குமாற்றில் மிச்சமிருந்த குச்சிகளை அக்கா அனுபவித்தாள்.

ஆனால் உண்மையான தண்டனையைக் கொடுத்தவர் கொத்தனார். சேற்றை வழித்துக் கழுவிவிட்டு, பாத்தியில் மறுபடியும் தண்ணீர் நிறுத்தியவர் என்னைத் தனியாக அழைத்தார்.

“மருமகனே, கூரைக்கு இது பச்ச ஒடம்பு. ஒரே ஒரு வேரு உள்ளாற போயிருந்தாப் போதும். இப்பத் தெரியாது. கம்பு பிரிக்கிற அன்னைக்குத் தெரியும்.”

கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் சொன்னார். நான் கண்ணைப் பார்க்கவில்லை. கோயில் கோபுரத்தை அரசங்கன்று பிளந்திருந்ததை நான் நேரில் பார்த்தவன். அரசங்கன்றுக்குத் தெரிந்தது நெல்லுக்குத் தெரியாதா?

அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்றாவது தடவை கேட்கவில்லை. தினமும் விடிந்ததும் மாடிக்கு ஓடி, தண்ணீருக்குள் முகத்தை வைத்து விரிசல் தேடுவேன். கான்கிரீட்டில் ஒரு தலைமுடி கிடந்தாலும் விரிசலோ என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். இத்தனை பேர் பாடுபட்டு ஏற்றிய கூரை என்னால் போகப்போகிறது. அம்மா மறுபடியும் சோற்றுக் குண்டானைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறாள். யாரிடமும் சொல்ல முடியாத கவலை. அக்காவிடம் மட்டும் சொன்னேன். “இடிஞ்சா நீ மட்டும் உள்ள நில்லு, கணக்குச் சரியாயிரும்” என்றாள்.

கம்பு பிரிக்கும் நாளும் வந்தது. மாடியில் தண்ணீர் அப்படியே நின்றது. கீழே கொத்தனாரும் இரண்டு ஆட்களும் சம்மட்டியோடு உள்ளே போனார்கள். ஆப்பைத் தட்டியதும் ஒவ்வொரு கம்பாகச் சாய்ந்தது. தகடுகள் பெருஞ்சத்தத்தோடு விழுந்தன. வாசலில் புழுதி கிளம்பியது. நான் தெருவுக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், அப்பா உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

“வெளியில நில்லுங்க. தகடு விழும்” என்றார் கொத்தனார்.

“விழட்டும்” என்று சொல்லிவிட்டு நடு அறையில் கடைசிக் கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றார் அப்பா.

எனக்குக் கால் எப்படி ஓடியது என்று தெரியவில்லை. வாசலில் நின்று கத்தினேன். “அப்பா, வந்துருங்க! வேரு உள்ளாற போயிருக்கு! நீங்க நடச் சொன்னதாப் பொய் சொன்னேன்! போன மாசம் கணக்குல மார்க்கத் திருத்துனது நான்தான்! வெளிய வந்துருங்கப்பா!” இடிகிற வீட்டுக்கு முன்னால் ஒரு மனிதன் எவ்வளவு உண்மை பேசுவான் என்பதற்கு ஊரே சாட்சி. மார்க் விஷயம் அதுவரை யாருக்கும் தெரியாது.

கொத்தனார் சிரித்துக்கொண்டே கடைசி ஆப்பைத் தட்டினார். கம்பு சாய்ந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

புழுதி அடங்கியது. நான் மெதுவாக உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கால்கள் எல்லாம் போன பிறகும் அது அங்கேயே இருந்தது. அத்தனை பேர் அத்தனை சட்டியாக ஏற்றிய பாரம், அதற்கும் மேலே தண்ணீர், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அந்தரத்தில் அசையாமல் நின்றது. தகடுகளின் விளிம்புகள் கோடு கோடாகப் பதிந்திருந்தன. ஒரு மூலையில் காற்றில் வந்து ஒட்டிக்கொண்ட வேப்பிலை ஒன்றின் அச்சு நரம்போடு இருந்தது. நான் மலையைப் பார்த்திருக்கிறேன், அருவியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை முன்னாலேயே இருந்தவை. இது போன மாதம் மணலும் ஜல்லியுமாகத் தெருவில் கிடந்தது. நான் அதன்மேல் ஒன்றுக்குப் போயிருக்கிறேன்.

அம்மா உள்ளே வந்தாள். நடு அறையில் நின்று, உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டினாள். ஓட்டு வீட்டில் ஒழுக்கு எங்கே என்று பார்க்க அப்படித்தான் நீட்டுவாள். தலைக்கு மேலே கணுக்கால் அளவுத் தண்ணீர் நின்றது. கையில் ஒரு சொட்டு விழவில்லை. வெகுநேரம் நீட்டியபடியே நின்றாள். பிறகு அந்தக் கையை முந்தானையில் துடைத்தாள், ஈரம் பட்டுவிட்ட மாதிரி.

ஆவணியில் பால் காய்ச்சினோம். அதற்குள் பூச்சு வேலை முடியவில்லை. சுவரெல்லாம் சிவப்புச் செங்கலாகவே இருந்தது. முகூர்த்தம் அதிகாலையில். சொந்தக்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். அடுப்புப் பற்றவைத்து, பானையில் பால் ஊற்றிய நேரத்தில் அப்பாவைக் காணவில்லை. “ஒங்கப்பாவ எங்கலே? போய்க் கூட்டிட்டு வா” என்று அம்மா என்னை விரட்டினாள்.

அவர் மாடியில் இருந்தார். புதுச் சட்டையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்புக்குப் பக்கத்தில் நின்றார். நான் எத்தனையோ தடவை அந்த மாடிக்கு ஏறியிருக்கிறேன். ஆனால் விரிசல் தேடுகிறவன் எப்போதும் கீழேயேதான் பார்ப்பான். அன்றுதான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன்.

என்னவொரு காட்சி! மேகமலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. தென்னைகளுக்குக் கீழே ஆறு கிடக்கிற வழி முழுக்கப் பனி ஒரு கோடாக நின்றது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சையும் மஞ்சளும் கலந்து வயல்கள், ஒன்றை அடுத்து ஒன்றாக, எங்கள் வீட்டுச் சுவர்வரை வந்து நிற்பதுபோல். கதிர் வாங்கியிருந்தது. காற்று ஒரு முனையில் தொட்டால் மறுமுனைவரை எல்லாம் சாய்ந்து எழுந்தன. அப்பா எதைப் பார்க்கிறார் என்று அவர் பார்வையின் வழியே போனேன். தகரக் கதவு போட்ட மோட்டார் ரூம். பக்கத்தில் ஒற்றைப் புங்க மரம். அந்த இடம் எனக்குத் தெரியாதா?

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாளும் என் அப்பாவைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்! அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, நம்ம வயலு! நம்ம வீட்டு மேல இருந்தே தெரியுது! இதுக்குத்தான் இங்கன வீடு கட்டுனீகளா?”

அவர் திரும்பவில்லை.

“போயி, பால் பொங்கிருச்சான்னு பாருலே.”